தீவு திறந்துவிட்டது, நீ வராதே

தாலிங் தீவு,
சும்போன் கரைக்கு எதிரே.
பௌர்ணமித் திருவிழாவுக்கு வாழைத்தண்டு விளக்குகளைத் தண்ணீரில் விட்டு முடித்த வாரம்.

பொறுமை என்னும் ஒன்றைத் தவிர மற்ற எல்லாச் செல்வமும் பெற்ற என் மருமகள் சுனீக்கு,

உன் தாய்மாமன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் மீன் டப்பாத் தொழிற்சாலையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பேசும்போது நீ "ம்... ம்... அப்புறம் மாமா" என்று சொல்லிக்கொண்டே துணி துவைக்கிறாய், தண்ணீர் ஊற்றுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பின்வரிசையைப் பார்த்துப் பாடம் நடத்தியவன் நான். கேட்கிற காது எது, கேட்பதாக நடிக்கிற காது எது என்று எனக்குத் தெரியாதா? துணி துவைத்துக்கொண்டே கடிதம் படிக்க முடியாது.

உன் கேள்விக்கு வருகிறேன். "மாமா, நாட்டைத் திறந்தாச்சுன்னு டிவியில சொல்றாங்க. இருக்கேனா போறேனான்னு மாசக் கடைசிக்குள்ள சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும். வேலையை விட்டுட்டு வந்து அம்மாவோட குடிலைத் திறக்கட்டுமா? வெளிநாட்டு ஆளுங்க வருவாங்களா?" என்று கேட்டிருந்தாய். ஒரு வார்த்தையில் பதில்: வேண்டாம். ஒற்றை வார்த்தையில் எழுதினால் மதிப்பெண் கிடையாது என்று உனக்கே சொல்லிக்கொடுத்தவன் என்பதால், காரணங்களையும் உதாரணங்களையும் கீழே தருகிறேன். நிதானமாகப் படி.

முதலில், திறந்தவர்களின் அறிவு. நோய்க்குப் பயந்து ஒன்றரை வருடம் பூட்டிவைத்திருந்த நாட்டை எந்த மாதம் பார்த்துத் திறந்தார்கள்? நவம்பர். மேற்குப் பக்கக் கடலுக்கு அது நல்ல காலம். நம் பக்கத்துக் கடலுக்கோ பேய் பிடிக்கிற காலம். தலைநகரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடல் என்றால் வரைபடத்தில் நீல நிறம். அந்தப் பக்கமும் நீலம், இந்தப் பக்கமும் நீலம், முடிந்தது பூகோளம். உதாரணமாக, ஒரு கடைக்காரர் வெயில் காலமெல்லாம் கடையை அடைத்துவைத்துவிட்டு, வெள்ளம் வந்து வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கிற அன்றைக்குக் கதவைத் திறந்து "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டால் அவரை என்ன சொல்வோம்? இவர்களை அமைச்சர் என்று சொல்கிறோம்.

அடுத்தது பயிற்சி. திறப்பதற்கு முன்னால் நம்மைத் தயார் செய்ய மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். படகுக்காரன் பின்யோவின் படகில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவள், கரையேறி முகம் கழுவியதும் எங்களைக் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்தாள். கையில் ஒரு பெட்டி. அதில் தரையில் ஒட்டுகிற பாதச்சுவடுகள், காலால் மிதித்தால் மருந்து பீய்ச்சுகிற ஒரு புட்டி, 'இத்தீவு பாதுகாப்பானது' என்று எழுதிய ஒரு ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரைப் படித்துறையில் ஒட்டினால்தான் தீவு திறந்ததாகக் கணக்காம். எல்லாம் காட்டி முடித்துவிட்டு முக்கியப் பாடத்துக்கு வந்தாள். "முகக்கவசம் போட்டிருக்கும்போது வாய் தெரியாது. அதனால விருந்தாளிங்களைக் கண்ணால சிரிச்சு வரவேற்கணும். எங்க, எல்லாரும் சிரிங்க பாக்கலாம்!"

நாங்கள் சிரித்தோம். வறுத்த வாழைப்பழம் விற்கிற சங்வியன் அக்கா கையைத் தூக்கினாள். "பாப்பா, நான் சிரிச்சா எனக்குக் கண்ணு மூடிக்கும். கண்ணை மூடிக்கிட்டு எண்ணெய்ச் சட்டியில எப்படிப் பழத்தைப் போடுறது?"

"லேசா சிரிங்க அக்கா."

பின்யோ எழுந்தான். "நான் பொம்பளைங்களைப் பாத்துக் கண்ணால சிரிச்சா, என் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா. அதுக்கு அரசாங்கம் ஏதாவது சான்றிதழ் குடுக்குமா?"

முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்து அந்தப் பெண், "ஐயா, உங்க சிரிப்பு பத்தலை" என்றாள். உண்மை. நோயிலே தொழில் போய், கணவாய்க் கருவாட்டைத் தின்று காலம் கழித்த ஊருக்கு அரசாங்கம் அனுப்பிய நிவாரணம் கண்சிரிப்பு என்றால், என்னிடம் அவ்வளவுதான் சிரிப்பு வரும்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம் ஊர்த் தலைவர் சம்ருவாய் செய்த காரியத்தைக் கேள். சென்ற வருடம், ஒரு படகும் வராமல் ஊரே காய்ந்து கிடந்தபோது, எல்லோரும் கருங்கல் தாத்தா சன்னதிக்குப் போய் வேண்டிக்கொண்டார்கள். அதில் தப்பில்லை, தாத்தா இந்தத் தீவின் காவல், நமக்கு வேறு போக்கிடம் ஏது? சங்வியன் அக்கா அவித்த முட்டை படைப்பதாக நேர்ந்துகொண்டாள். பின்யோ சரவெடி நேர்ந்துகொண்டான். தலைவர் சும்மா இருப்பாரா? ஊரில் யார் எதைச் செய்தாலும் அதைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டியவர் அல்லவா? கையில் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி முழங்கினார்: "தாத்தா! வெளிநாட்டு ஆள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், இந்தத் தீவுல ஒரு ராத்திரி தங்கட்டும். தங்கின வாரமே உன் முன்னாடி ஒட்டுத்துணி இல்லாம ஆடுறேன்!"

அவர் மனைவி லம்துவான் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். அதற்குள் வாக்கு வாயை விட்டுப் போய்விட்டது. விமானமே பறக்காத நாளில் வானத்தைப் பார்த்து வாக்குக் கொடுப்பது சுலபம். உதாரணமாக, பரீட்சை ரத்து என்று அறிவித்த மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் "இந்த முறை நான்தான் முதல் மதிப்பெண் வாங்கியிருப்பேன்" என்பார்கள். நாடு இனிமேல் திறக்காது, திறந்தாலும் தாம் பதவியில் இருக்கமாட்டோம் என்று தலைவர் நினைத்தார். இரண்டும் தப்பாகப் போயிற்று. தாத்தாவுக்குச் சொன்னதைச் செய்யாமல் விட்டால் விட்டவனுக்கு மட்டுமா கேடு? ஊருக்கே வலையில் மீன் விழாது. அதனால் இது அவர் ஒருவரின் மானப் பிரச்சினையாகவும் நிற்கவில்லை.

தீவைத் திறப்பதற்கான குழுவுக்கு யார் தலைவர் என்று நினைக்கிறாய்? அவரேதான். அன்றிலிருந்து நோய்த்தடுப்பில் அவருக்கு வந்த அக்கறையைப் பார்த்தால் மருத்துவர்களே வெட்கப்படுவார்கள். கை கழுவுகிற தொட்டி சாய்ந்திருக்கிறது, இடித்துக் கட்டு என்றார். பின்யோவின் படகில் இருக்கைகளுக்கு நடுவே இடைவெளி போதாது என்று கயிறு பிடித்து அளந்தார். அவர் சொன்ன கணக்கில் படகில் பின்யோ மட்டும்தான் உட்காரலாம். அந்த ஸ்டிக்கரோ அவர் வீட்டு அலமாரியிலேயே தூங்கியது. சங்வியன் அக்கா கடையில் வைத்து ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏன் தலைவரே, அந்தக் காகிதத்தைப் படித்துறையில ஒட்டுனா என்ன?"

"பலகை ஈரமா இருக்கு அக்கா. காயட்டும்."

"கடலுக்குள்ள நிக்கிற பலகை எந்தக் காலத்துல காயும்?"

"அவசரப்பட்டா நோய் பரவும்."

"நோய் கெடக்கட்டும். நீங்க இந்த வறுத்த பழத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க. தாத்தாவுக்கும் கண்ணு இருக்குல்ல? அந்த வயித்தை அவர் எப்படிப் பாப்பாரு?"

தலைவர் அன்றைக்குப் பழத்தை வாங்காமலே போனார். ஆக, சுனீ, நாட்டை ஒரு பக்கம் திறந்தார்கள், நம் தீவை ஒரு மனிதரின் இடுப்பு வேட்டி மூடிவைத்திருந்தது. உன் எதிர்காலம் எதில் தொங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்துகொள்.

அப்படியிருந்தும் ஒருத்தி வந்து சேர்ந்தாள். பெயர் பிர்தா, டென்மார்க் நாட்டுக்காரி, என் வயதிருக்கும். பெருமைப்படாதே, நம் தீவைத் தேடி வரவில்லை. புகழ்பெற்ற வேறு தீவுக்குப் போக வேண்டியவள், மழையில் படகு மாறி ஏறிவிட்டாள். நோய்க்குப் பிறகு நம் மண்ணை மிதித்த முதல் சுற்றுலாப் பயணி, வழி தப்பி வந்தவள். தலைவர் படித்துறைக்கு ஓடிவந்தார். எனக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம் கொஞ்சம் வரும் என்பதால் என்னையும் இழுத்து வந்தார்.

"கேளுங்க வாத்தியாரே, இவங்க சுற்றுலாவா? ஆராய்ச்சியா இருந்தா நல்லது. மதப் பிரசாரம்னாலும் பரவாயில்ல."

கேட்டேன். சுற்றுலாதான் என்றாள்.

"தப்பான தீவுன்னு சொல்லுங்க. நான் என் செலவுல இப்பவே திருப்பிக் கொண்டுபோய் விடுறேன்னு சொல்லுங்க. இங்க ஒண்ணுமே நல்லா இல்லைன்னு சொல்லுங்க. கொசு இருக்கு, மின்சாரம் அடிக்கடி போயிடும், கிணத்துத் தண்ணி உப்பு, ஆளுங்க சண்டைக்காரங்க!"

தீவைத் திறக்கும் குழுவின் தலைவர் தம் தீவைப் பற்றிச் சொன்னது இது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "உண்மை பேசுகிற ஊராக இருக்கிறதே, இங்கேயே இருக்கிறேன்" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் வானம் கறுத்துக் கடல் எழுந்தது. தலைவர் கெஞ்சினார், அதட்டினார். பின்யோ அசையவில்லை. "இந்தக் கடல்ல படகை எடுத்தா மேடமும் நானும் மீனுக்குத்தான் தீவைச் சுத்திக் காட்டணும்." தங்குவதற்கு ஊரில் திறந்த அறை ஒன்றுகூட இல்லை. உன் அம்மாவின் கடல் பார்த்த குடிலில் ஓர் உடும்பு குடியிருக்கிறது. வாடகை கேட்டால் நாக்கை நீட்டுகிறது. தலைவர் அந்த அம்மாளைப் படகிலேயே படுக்கச் சொன்னார். படகு தீவு ஆகாதாம், தாத்தாவுக்குக் கணக்கில் வராதாம். அவள் கொஞ்ச நேரம் படகோடு ஆடிப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் வைத்த புளிக்குழம்பை மூக்கைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டுவிட்டு என் மேல்மாடியில் நன்றாகத் தூங்கினாள். விடிந்ததும் வாசலில் ஊரே நின்றது. அவள் பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் மட்டும் தட்டவில்லை.

பிறகு சன்னதியில் பேரம். சன்னதியைக் கவனிப்பதும் சங்வியன் அக்காதான். பிறைவடிவ மரத்துண்டு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். ஒன்று கவிழ்ந்து ஒன்று நிமிர்ந்து விழுந்தால் தாத்தாவுக்குச் சம்மதம், இல்லாவிட்டால் மறுப்பு.

"தாத்தா, அரைக்கால் சட்டை போட்டுக்கட்டுமான்னு கேக்குறாரு." இரண்டும் கவிழ்ந்தன.

"கட்டம் போட்ட துண்டு?" இரண்டும் நிமிர்ந்தன.

"வாழை இலை?" மறுபடியும் கவிழ்ந்தன.

இப்போது தலைவரே முன்னால் வந்து கும்பிட்டார். "தாத்தா, உள்ள போடுறது மட்டும்! பழசுதான், ஓட்டை கூட இருக்கு!"

"பொய் சொல்லாதீங்க," என்றாள் லம்துவான். "போன வாரம்தான் புதுசு வாங்குனீங்க."

தாத்தா அதற்கும் மறுத்தார். சுற்றிலும் தார்ப்பாய் கட்டிக்கொள்ள மட்டும் ஒப்புக்கொண்டார். தலைவர் கடைசி நம்பிக்கையாக மாவட்டப் பெண்ணுக்குப் போன் போட்டார், இத்தனை பேர் கூடினால் சட்டப்படி தப்பு, நிகழ்ச்சியை ரத்து செய்ய உத்தரவு போடு என்று. அவள், "ரத்தெல்லாம் வேண்டாம் சார். முகக்கவசம் போட்டுக்கிட்டா போதும்" என்றாள். சங்வியன் அக்கா மரத்துண்டை வீசினாள். முகக்கவசத்துக்குத் தாத்தா முதல் வீச்சிலேயே சம்மதித்தார். என் வாழ்நாளில் அரசாங்கமும் சாமியும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். சுனீ, ஒரு மனிதன் உடம்பில் எதை மூட வேண்டியதில்லையோ அதை மட்டும் மூடச் சொல்கிற நாட்டில் நாம் இருக்கிறோம்.

வியாழக்கிழமை கடல் அடங்கியது. பின்யோ சும்மா இருந்தானா? அவன் போனிலிருந்து சேதி கரைக்குப் போய், கரையிலிருந்து படகு படகாகச் சனம் வந்து இறங்கியது. மீன் காயவைக்கிற தார்ப்பாய்தான் கிடைத்தது, அது கழுத்து வரைக்கும்தான் எட்டியது. மத்தளம் அடித்தார்கள். தார்ப்பாய்க்கு மேலே தலைவரின் முகக்கவசம் போட்ட தலை மட்டும் இங்கும் அங்கும் குதித்தது. மேற்பார்வைக்கு வந்திருந்த அந்த மாவட்டப் பெண் ஓரத்தில் நின்று, "கண்ணு, தலைவரே, கண்ணு! கண்ணால சிரிங்க!" என்று கத்தினாள். கண் சிரிக்கவில்லை. ஒரு முறை காற்று தார்ப்பாயின் அடியைத் தூக்கியது. லம்துவான் பாய்ந்து அதன்மேல் ஏறி நின்றாள். இடையில் தெரிந்தது என்ன என்பதை ஒரு மாமன் மருமகளுக்கு எழுதக் கூடாது.

ஆட்டம் முடிந்ததும் பின்யோவின் சரவெடி. வெடித்த காகிதத்தில் தாத்தா அருள்கிற லாட்டரி எண் தெரிகிறதா என்று கரைக்காரர்கள் முண்டியடித்தார்கள். ஆளுக்கு ஓர் எண் தெரிந்தது, ஒருவருக்கும் பரிசு விழவில்லை. சங்வியன் அக்காவின் பழத்தைத் தின்று தீர்த்தார்கள், கிணற்றை வற்றடித்தார்கள், தங்குவதற்கு அறை இல்லை என்று திட்டிக்கொண்டே குப்பையை விட்டுவிட்டுப் போனார்கள். பிர்தா அம்மாள் என்னிடம், "இது ஒவ்வொரு வியாழக்கிழமையும் உண்டா?" என்று கேட்டாள். மொழிபெயர்க்காமல் இருந்திருக்கலாம். மொழிபெயர்த்துவிட்டேன். அன்று சாயங்காலமே குழு கூடி, இதை வாராந்திர நிகழ்ச்சியாக்கினால் என்ன என்று விவாதித்தது. தலைவர் வெளிநடப்புச் செய்தார். மாவட்டப் பெண் 'பாரம்பரியக் கலை நிகழ்ச்சி, பார்வையாளர்கள் திருப்தி' என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டாள். ஸ்டிக்கரையும் அவளே ஒட்டினாள். இரண்டு நாளில் அலை கொண்டுபோயிற்று. பிர்தா அம்மாளும் தான் தேடிய தீவுக்குப் படகேறிவிட்டாள்.

ஆகையால் யோசித்துப் பார். முதல் பயணி வழிதவறி வந்தாள். கூட்டம் தலைவரின் மானத்தைப் பார்க்க வந்தது. கடலுக்காக வந்தவர் ஒருவர் உண்டா? இதற்குப் பெயர்தான் மறுமலர்ச்சியாம். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிப் பாஸானவன் மேல்படிப்புக்குப் போகிற கதை இது. அடுத்த அலை நோய் வந்தால் மறுபடியும் கதவைச் சாத்துவார்கள், நீ உடும்போடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். தொழிற்சாலை நாறினாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. சூப்பர்வைசரிடம் இருக்கிறேன் என்று சொல்லிவிடு. என்னைப் பற்றிக் கவலைப்படாதே. வேறு வேலை இல்லாததால் உன் குடில் வாசலைத் தினமும் பெருக்குகிறேன், பொழுது போகிறது. வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லாதது காதுக்குக்கூட நல்லதுதான்.

புத்தரும் அவர் தருமமும் சங்கமும் உன்னைக் காக்கட்டும். அவர்களுக்கு வேலை அதிகமாக இருந்தால், அண்மையில் நிலுவையெல்லாம் தீர்ந்து திருப்தியாக உட்கார்ந்திருக்கும் கருங்கல் தாத்தா காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே. கேட்டவர்களுக்கெல்லாம் என் விசாரிப்பைச் சொல், கேட்காதவர்களுக்கும் சொல்.

உன் நன்மையை மட்டுமே நினைக்கும் மாமன்,
வாத்தியார் கம்போல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது படகுச் சத்தம் கேட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் நின்று எழுதுகிறேன். படித்துறையில் இறங்குவது யார்? நீயேதான். கேள்வியை முழுதாகக் கேட்பதற்குள் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு ஓடுகிறவள், வேறெப்படி இருப்பாய்? உன் பின்னால் நாலு வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். அவர்களை எங்கே பிடித்தாய்? நெட்டையாக இருப்பவர் தலையில் ஓர் எரிவாயு அடுப்பு இருக்கிறது. மற்றொருவர் மெத்தை சுமக்கிறார். நீ வெறுங்கையோடு முன்னால் நடந்து என் வீட்டைக் காட்டுகிறாய். இனி இந்தக் கடிதத்தை யாருக்கு அனுப்புவது? தொடங்கியதை முடிக்க வேண்டும் என்பதற்காக முடிக்கிறேன். ஆறு பேருக்கு அரிசி களைய வேண்டும், மேல்மாடியில் பாயை உதற வேண்டும், உடும்புக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாசல் படியில் ஒரு பலகை ஆடுகிறது, பார்த்துக் கால் வை. இதை எழுதி என்ன பயன்? போய்க் கத்துகிறேன்.